பேண்ட் 5-லிருந்து பேண்ட் 6-க்கு: பதவி உயர்வில் நிறம் குறுக்கே வந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்தின் என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் ஊர் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. லண்டனில் ஒரு மருத்துவமனையில் பேண்ட் 7 (பேண்ட் என்பது சம்பள நிலை) சிஸ்டர், கூடவே யூனியன் பிரதிநிதி. இன்டர்வியூ மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். பதவி உயர்வு கிடைக்காமல் அழுதுகொண்டு என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. 2025-26 சம்பளப் பட்டியலில் பேண்ட் 5-ன் உச்சம் 37,796 பவுண்டு. பேண்ட் 6 தொடங்குவது 38,682-ல், முடிவது 46,580-ல். பேண்ட் 5-ன் உச்சியிலேயே நின்றுபோகிற நர்ஸுக்கும் பேண்ட் 6-ன் உச்சிக்குப் போனவருக்கும் நடுவில் வருடத்துக்கு 8,784 பவுண்டு வித்தியாசம். லண்டன் படியும் பென்ஷனும் இதன் மேல்தான் கணக்கிடப்படுகின்றன. பத்து, பன்னிரண்டு வருடம் பேண்ட் 5-லேயே இருக்கிற நம்மவர்களை எனக்குத் தெரியும். இரவு ஷிப்டில் வார்டு முழுவதையும் பொறுப்பேற்று நடத்துவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பார்கள். கற்றுக்கொண்டவர் இரண்டு வருடத்தில் பேண்ட் 6 ஆகிவிடுவார், கற்றுக்கொடுத்தவர் அதே இடத்தில் இருப்பார். இதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் டிரஸ்ட்டின் எண்களை எடுங்கள்

"எனக்கு மட்டும்தான் இப்படியோ?" என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து, மருத்துவமனைகளை நடத்தும் ஒவ்வொரு என்எச்எஸ் டிரஸ்ட்டும் டபிள்யூஆர்இஎஸ் (WRES) என்கிற இனச் சமத்துவ அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். டிரஸ்ட்டின் பெயரையும் இந்த எழுத்துக்களையும் கூகுளில் போட்டால் கிடைத்துவிடும். அதில் ஒன்பது குறியீடுகள் உண்டு. உங்களுக்கு முக்கியமானவை இரண்டாவதும் ஏழாவதும். இரண்டாவது, ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களில், அதாவது இன்டர்வியூவுக்குத் தேர்வானவர்களில், வெள்ளையர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அது பல வருடங்களாக ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலேயே நிற்கிறது. ஏழாவது, பதவி உயர்வில் சம வாய்ப்பு இருக்கிறது என்று நம்பும் ஊழியர்கள் எத்தனை சதவீதம் என்பதை இனவாரியாகக் காட்டும்.

அந்த இரண்டாவது எண் எதை அளக்கிறது என்று கவனியுங்கள். இணையத்தில் வரும் விண்ணப்பத்தை ஷார்ட்லிஸ்ட் செய்கிறவருக்குப் பொதுவாக உங்கள் பெயரோ இனமோ தெரியாது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, தகுதி இருக்கிறது என்று டிரஸ்ட்டே ஒப்புக்கொண்ட பிறகு, இன்டர்வியூ அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஆகவே "உங்களுக்குத் தகுதி போதவில்லை" என்ற பதில் அங்கே எடுபடாது.

அறிக்கையை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வேலை விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே கவனிக்க வேண்டியது

பாகுபாடு பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. இன்டர்வியூவில் மட்டும் என்று நினைக்காதீர்கள். வார்டில் ஒரு பேண்ட் 6 நர்ஸ் பிரசவ விடுப்பில் போகிறார். மேனேஜர் காப்பி குடித்துக்கொண்டே யாரையாவது கூப்பிட்டு, "ஆறு மாசம் நீ பார்த்துக்கோயேன்" என்கிறார். இதற்கு ஆக்டிங் அப் என்று பெயர். விளம்பரம் இல்லை, விண்ணப்பம் இல்லை. ஆறு மாதம் கழித்து நிரந்தர இடம் விளம்பரமாகும்போது அந்த ஒருவருக்கு மட்டும் பேண்ட் 6 அனுபவம் இருக்கும். இன்டர்வியூ எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் முடிவு முன்கூட்டியே ஆகிவிட்டது.

இதை உடைக்க வழி இருக்கிறது. வருடாந்திர அப்ரைசல் கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நிற்காமல், அன்று மாலையே மேனேஜருக்கு மின்னஞ்சல் போடுங்கள். "இன்று பேசியபடி, பேண்ட் 6 பொறுப்புக்குத் தயாராக விரும்புகிறேன். ஆக்டிங் அப், செகண்ட்மென்ட் வாய்ப்பு எது வந்தாலும் எனக்குத் தெரிவிக்கவும். அதற்கு நான் முடிக்க வேண்டிய பயிற்சிகள் எவை?" இவ்வளவுதான். செகண்ட்மென்ட் என்றால் கொஞ்ச காலத்துக்கு வேறு பொறுப்புக்கு அனுப்புவது. மரியாதையான கடிதம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "அவளுக்கு ஆர்வம் இருந்தது எனக்குத் தெரியாதே" என்று நாளைக்கு யாரும் சொல்லவும் முடியாது. பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று போடுங்கள்.

பயிற்சிக்கும் இதே கதைதான். வார்டில் யாரை எந்தக் கோர்ஸுக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருங்கள். பதவி உயர்வு போலவே பயிற்சி வாய்ப்பும் சட்டத்தின் கீழ் வரும். அதை இனத்தைக் காரணமாக வைத்து மறுப்பது 2010 சமத்துவச் சட்டப்படி சட்டவிரோதம்.

விண்ணப்பமும் இன்டர்வியூவும்

விளம்பரத்தோடு பர்சன் ஸ்பெசிஃபிகேஷன் என்று, வேலைக்கு வேண்டிய தகுதிகளின் பட்டியல் ஒன்று வரும். ஷார்ட்லிஸ்ட் செய்கிறவர் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தலைப்பாக எடுத்து, அதன் கீழே நீங்கள் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். பொதுவாக எழுதினால் மதிப்பெண் இல்லை. "எனக்கு நல்ல தலைமைப் பண்பு உண்டு" என்ற வாக்கியத்துக்கு யாரும் எதுவும் போட முடியாது. "28 படுக்கை வார்டில் இரவுப் பொறுப்பு. ஒரு இரவில் இரண்டு பேர் வரவில்லை. வேலையாட்களை மறுபடி பிரித்தேன், சைட் மேனேஜரிடம் சொன்னேன், ஆபத்தான நோயாளிகள் மூவரை ஒரே பகுதிக்கு மாற்றினேன்" என்றால் போட முடியும்.

நம் பிள்ளைகள் இன்டர்வியூவில் "நாங்கள் செய்தோம்" என்றே பேசுவார்கள். பெருமை பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள். கேட்கிற குழுவோ உங்கள் பங்கு என்ன என்று தேடிக்கொண்டிருக்கும். "நான் பார்த்தேன், நான் முடிவெடுத்தேன், நான் டாக்டரைக் கூப்பிட்டேன்" என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நன்றாகத் தயார் செய்தாலும் பாகுபாடு போய்விடாது. தயாரிப்பு உங்கள் கையில் இருக்கிற பாதி மட்டும்தான். ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்டு கல்லூரி ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைப் பெயர் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவு: வெள்ளைக்காரப் பெயருள்ளவருக்குக் கிடைக்கிற அதே எண்ணிக்கையிலான அழைப்பைப் பெற, சிறுபான்மை இனத்தவர் 60 சதவீதம் அதிக விண்ணப்பங்கள் போட வேண்டியிருந்தது. அங்கே எந்தத் தகுதிக் குறைவும் இல்லை, காகிதத்தில் பெயர் மட்டும்தான் வேறு. "இன்னும் கொஞ்சம் நல்லா பேசியிருக்கலாம்" என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும், பஸ்ஸில் ஏறுவதற்கு முன், போனில் எழுதுங்கள்: குழுவில் யார் யார், என்னென்ன கேள்வி, நீங்கள் சொன்ன பதிலின் சுருக்கம், வித்தியாசமாக யாராவது ஏதாவது சொன்னார்களா, நேரம் என்ன. மூன்று மாதம் கழித்து உங்கள் ஞாபகத்தைவிட அன்றைய குறிப்புக்கு மதிப்பு அதிகம். ஒரே ஒரு எச்சரிக்கை: நோயாளிகளின் விவரம் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கோ போனுக்கோ அனுப்பாதீர்கள். நியாயம் கேட்கப் போனவர் மேலேயே ஒழுங்கு நடவடிக்கை வர அது ஒன்று போதும்.

கிடைக்கவில்லை என்ற பிறகு

அழுகை வரும், வரட்டும். அடுத்த நாள் ஃபீட்பேக் கேளுங்கள், எழுத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு எத்தனை மதிப்பெண்? எத்தனைக்கு எத்தனை எடுத்திருந்தால் தேர்வாகியிருப்பேன்? எந்தப் பதிலில் எது குறை? "இன்னும் தயாராகவில்லை", "டீமுக்குப் பொருந்தவில்லை", "தன்னம்பிக்கை போதாது" போன்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், "எந்தப் பதிலை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள்?" என்று மறுபடி கேளுங்கள்.

அப்புறம் தகவல் கோரிக்கை. உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் எழுதி வைத்திருக்கும் எதையும் கேட்டுப் பெறும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், சிக்கலான கோரிக்கையாக இருந்தால் மட்டும் கூடுதல் அவகாசம் எடுக்கலாம். இன்டர்வியூ குழு உங்களைப் பற்றி எழுதிய குறிப்பும் போட்ட மதிப்பெண்ணும் இதில் அடங்கும். எந்தப் பதவி, எந்தத் தேதி இன்டர்வியூ, குழுவின் ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பு, மதிப்பெண் தாள், என்னைப் பற்றி அவர்களுக்குள் நடந்த மின்னஞ்சல் என்று தெளிவாக எழுதி டிரஸ்ட்டின் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். மற்ற விண்ணப்பதாரர்களின் விவரத்தை மறைத்துத்தான் தருவார்கள், பரவாயில்லை.

என்னிடம் வந்த ஒரு தங்கச்சியின் தாளைச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. மூன்று பேர் குழு. "நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால் என்ன செய்வீர்கள்?" என்பது கேள்வி. நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டும் நியூஸ் ஸ்கோர் ஏழு ஆனதும் அவசரக் குழுவைக் கூப்பிட்டது, ரத்த மாதிரி எடுத்தது, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வைத்தது என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் ஐந்துக்கு நான்கு போட்டிருந்தார்கள். மூன்றாமவர் போட்டது இரண்டு. பக்கத்தில் ஒரு வரி: பேச்சு புரிந்துகொள்ளக் கடினம். அவள் அதே வார்டில் ஒவ்வொரு இரவு ஷிப்ட் முடிந்ததும் பதினைந்து பேர் முன்னால் ஹேண்ட்ஓவர் கொடுப்பவள். புரியவில்லை என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. "அக்கா, என் இங்கிலீஷ் அவ்வளவு மோசமா?" என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள் புகாருக்குப் போனோம். மதிப்பெண் வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டோம். குழுவால் சொல்ல முடியவில்லை. வேறு குழுவோடு மறுபடி இன்டர்வியூ நடந்தது. அவள் இப்போது பேண்ட் 6.

இது புதிதல்ல. நாகராஜன் என்பவர் லண்டன் ரீஜனல் டிரான்ஸ்போர்ட் மேல் போட்ட வழக்கு 1999-ல், அப்போது நாட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பயணத் தகவல் சொல்லும் வேலைக்கான இன்டர்வியூவில் பேச்சுத் திறனுக்கு அவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார்கள். அவரோ அதே வேலையை ஏற்கெனவே புகார் இல்லாமல் பார்த்தவர். முன்பு அவர் இனப் பாகுபாட்டு வழக்குகள் போட்டிருந்ததுதான் உண்மையான காரணம். அந்தத் தீர்ப்பு இன்றும் நமக்கு உதவுகிறது. மதிப்பெண் போட்டவர் வேண்டுமென்றே செய்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவருக்கே தெரியாமல் மனதில் இருந்த எண்ணம் முடிவைப் பாதித்திருந்தாலும் பாகுபாடு பாகுபாடுதான் என்று அது சொல்கிறது. "அவர் ரொம்ப நல்லவர், இனவெறி கிடையாது" என்று யாராவது சமாதானம் சொன்னால், அது கேள்விக்குப் பதிலே இல்லை.

நாள் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பின் சமரச முயற்சியைத் தொடங்கியிருக்க வேண்டும். இன்டர்வியூ முடிவு மார்ச் 10-ம் தேதி தெரிந்தது என்றால் ஜூன் 9-தான் கடைசி. டிரஸ்ட்டுக்குள் புகார் கொடுத்திருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. உள் விசாரணை நான்கு மாதம் இழுக்கும், நீங்கள் நம்பிக்கையோடு காத்திருப்பீர்கள், அதற்குள் கதவு மூடிவிடும். நல்ல வழக்குகள் பல இப்படியே செத்துப்போயின. இந்தக் காலத்தை ஆறு மாதமாக்க 2025-ன் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு அது பொருந்துகிறதா என்று குழம்பிக்கொண்டிருக்காமல் மூன்று மாதக் கணக்கையே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஏகாஸுக்கு இணையத்தில் ஒரு படிவம் போதும், இலவசம்.

தீர்ப்பாயத்துக்கும் இப்போது கட்டணம் இல்லை. 2013-லிருந்து பாகுபாட்டு வழக்குக்கு 1,200 பவுண்டு வரை வசூலித்தார்கள். யூனிசன் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-ல் அதை ரத்து செய்ய வைத்தது. பாகுபாட்டு வழக்குக்கு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நேற்று சேர்ந்தவரும், விண்ணப்பம் மட்டும் போட்டவரும் வழக்குப் போடலாம்.

யூனியனில் இப்போதே சேருங்கள். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பழைய பிரச்சினைக்குப் பெரும்பாலும் வழக்கறிஞர் உதவி கிடைக்காது. மாதச் சந்தா அதிகம் என்று தள்ளிப் போடுகிறவர்கள்தான் பிறகு என்னிடம் கண்ணீரோடு வருகிறார்கள்.

நிரூபிப்பது எப்படி என்று பயப்பட வேண்டாம். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்க வைக்கும் உண்மைகளை நீங்கள் காட்டினால், நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுபக்கத்துக்குப் போய்விடும். முன்பு இறக்கி வைத்த அந்த பிடிஎஃப், மேனேஜருக்குப் போட்ட மின்னஞ்சல்கள், பஸ்ஸுக்கு முன் எழுதிய குறிப்பு, மதிப்பெண் தாள் எல்லாம் இங்கேதான் ஒன்று சேரும்.

"தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதானே?" என்று கேட்பார்கள். பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தில் பதவி உயர்வுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் சிறுபான்மை இனத்தவரின் தேர்ச்சி விகிதம் வெள்ளையர்களின் விகிதத்தில் 40.3 சதவீதம்தான் இருந்தது. ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஊழியருக்கு இல்லை என்று எஸ்ஸாப் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் வார்டில் "இங்கிலாந்து அனுபவம் ஐந்து வருடம் கட்டாயம்" என்று நிபந்தனை வைத்து, அது நம்மவர்களைத்தான் அதிகம் தடுக்கிறது என்று காட்ட முடிந்தால், அந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று டிரஸ்ட்தான் நியாயம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீட்டோடு வளர்ந்தவர்கள் நாம். "இங்கே நமக்கு ஒதுக்கீடு இல்லையா?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பிரிட்டனில் இனத்தை வைத்து இடம் ஒதுக்குவது சட்டவிரோதம். சட்டம் அனுமதிப்பது ஒரு சின்னச் சலுகை மட்டும்: இரண்டு பேர் உண்மையிலேயே சமமான தகுதியோடு வந்து நின்றால், அந்தப் பணியில் குறைவாக இருக்கும் பிரிவைச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். செஷயர் போலீஸ் 127 பேரையும் சமம் என்று வைத்துக்கொண்டு இந்தச் சலுகையைப் பயன்படுத்தியது. 2019-ல் ஒரு வெள்ளை இளைஞர் வழக்குப் போட்டு ஜெயித்தார். என் பார்வையில் இந்தச் சட்டம் மிகவும் கஞ்சத்தனமானது, ஐம்பது வருடத் தடையை இதை வைத்து நகர்த்த முடியாது. இருந்தாலும் இருப்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

விசா பயம் பற்றி ஒரு வார்த்தை. "புகார் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப்பில் கை வைப்பார்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. விசாவில் இருப்பவருக்கும் சமத்துவச் சட்டம் முழுதாகப் பொருந்தும். புகார் கொடுத்ததற்காகவோ, சக ஊழியருக்குச் சாட்சி சொன்னதற்காகவோ உங்களைப் பழிவாங்கினால் அதுவே தனியான ஒரு சட்டமீறல். பயம் நியாயமானதுதான், குடும்பம் முழுக்க அந்த ஒரு காகிதத்தில் தொங்குகிறது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள், முதல் கூட்டத்திலிருந்தே பிரதிநிதியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பேண்ட் 6 ஆன பிறகு

இன்டர்வியூ குழுவில் உட்காரும் பயிற்சியை முதல் வருடத்திலேயே கேட்டு வாங்குங்கள். குழுவில் உட்கார்ந்ததும் மூன்று விஷயங்களை வற்புறுத்துங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகள். பேசிக்கொள்வதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மூத்தவர் சொல்கிற எண்ணே எல்லாருடைய எண்ணும் ஆகிவிடும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், விண்ணப்பதாரர் சொன்ன எந்த வாக்கியத்துக்காக அது என்று குறிக்க வேண்டும்.

நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சட்டத்தில் இனம் என்பது நாட்டுரிமையையும் பூர்வீகத்தையும் உள்ளடக்கியது. நம் ஊர் மேனேஜர் ஒருவர் நம்மவர்களுக்கு மட்டும் ஆக்டிங் அப் கொடுத்து, ஃபிலிப்பினோ நர்ஸையும் நைஜீரிய நர்ஸையும் ஒதுக்கினால் அதுவும் இதே சட்டத்தின் கீழ் வரும். அவர்களும் இதே மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும் என்று நானே அவர்களிடம் சொல்லிக்கொடுக்கிறேன்.